வேதக்காரர் என்றொரு சொல்



சென்ற வாரம் ஐஸ்லாந்து நாட்டின் 'சாகா' என்னும் பழைய உரைநடைக் கதைகளைப் பற்றிப் பேசியிருந்தேன். மறுநாள் நெல்லியடிச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றபோது, இத்தொடரைத் தவறாது கேட்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னை மறித்துக்கொண்டார். "தம்பி, அந்த வைக்கிங் சனம் தேவாலயங்களைக் கொள்ளையடிச்சவை எண்டு சொன்னீர். அவை கிறிஸ்துவைப் பற்றி என்ன நினைச்சவை? வெறுத்தவையோ, பயந்தவையோ?" என்று கேட்டார்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. பதில் சொல்ல அவகாசம் கிடைக்கவில்லை. ஆனால் வழிநெடுக யோசித்தபோது, அக்கேள்வி வடகடலுக்கு மட்டும் உரியதன்று, எங்கள் முற்றத்துக்கும் உரியது என்று பட்டது. ஒரு கடவுள் புறத்திலிருந்து வருகிறார். அவரை முன்பின் அறியாத மக்கள் அவரை என்ன கண்கொண்டு பார்க்கிறார்கள்? வைக்கிங் மக்கள் பார்த்தவாறுதான் யாழ்ப்பாணத்துச் சைவரும் பார்த்தனரா? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

ஒரு சொல்லில் இருந்து தொடங்குகிறேன். என் சிறு பிராயத்தில் ஆச்சியுடன் பருத்தித்துறை வீதியால் நடக்கும்போது, குருசு வைத்த ஒரு வீட்டைக் காட்டி, "அது வேதக்காரற்றை வீடு" என்பார். "எணை ஆச்சி, வேதம் எங்கடை இல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன். "அவையளும் ஒரு புத்தகம் வைச்சு வாசிக்கினம்தானே, மோனை" என்றார். அவ்வளவுதான். அதில் ஏளனமும் இல்லை, வியப்பும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் கிறிஸ்தவர் 'வேதக்காரர்' ஆயினர். மதம் மாறுவது 'வேதத்துக்கு மாறுதல்' ஆயிற்று. வந்த கடவுளைச் சைவ மக்கள் தம் சொல்லாலேயே அளந்து, தமக்குத் தெரிந்த ஓர் இடத்தில் இருத்திவிட்டனர் என்பதற்கு இச்சொல்லே சாட்சி.

வைக்கிங் மக்களும் ஒரு பெயர் வைத்தனர். கிறிஸ்துவை அவர்கள் 'வெள்ளைக் கிறிஸ்து' என்றனர். ஞானஸ்நானம் பெறுவோர் அணிந்த வெள்ளாடையால் அப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். அவர்கள் மொழியில் வெண்மைக்குக் கோழைத்தனம் என்ற குறிப்பும் உண்டு, ஆதலால் அதில் ஓர் எள்ளல் இருக்கலாம் என்பர் மறுசாரார். எப்படியாயினும் அவர்களின் அளவுகோல் எது என்பது அப்பெயரில் ஓரளவு தெரிகிறது. செந்தாடிக்காரனும் சம்மட்டி ஏந்தியவனுமாகிய தோர் என்ற இடிக் கடவுளின் பக்கத்தில் இந்த வெள்ளைக் கடவுளை நிறுத்தி, 'இருவரில் யார் வலியவர்?' என்றே அவர்கள் கேட்டனர்.

793ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரத்து லிண்டிஸ்பார்ண் தீவு மடத்தை அவர்கள் தாக்கினர். அந்தச் செய்தியை எழுதி வைத்தவர்கள் துறவிகள், அடிபட்டவர்கள். அவர்களுக்கு அது தேவ நிந்தனையாகவும் தெய்வ தண்டனையாகவும் தெரிந்தது. வந்தவர்களுக்கோ அது கடலோரத்தில் காவலற்றுக் கிடந்த பொன்னும் வெள்ளியும். மடத்தைக் கொள்ளையிட்டது கிறிஸ்துவின் மீதுள்ள பகையால் என்று கொள்ளத் தேவையில்லை. தன் வீட்டையே காக்காத கடவுள் என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் எழுந்திருக்கக்கூடும். அதற்கு மேல் அக்கடவுளைப் பற்றி எண்ண அன்று அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

பின்னர் வாணிபமும் குடியேற்றமும் நெருங்கிய பழக்கத்தை உண்டாக்கின. பத்தாம் நூற்றாண்டில் விடுகிண்ட் என்ற சாக்சன் துறவி ஒரு செய்தி எழுதியிருக்கிறார். டேனிய அரசன் ஹரால்டின் விருந்திலே கடவுளரைப் பற்றி வாதம் எழுந்ததாம். டேனியர் கிறிஸ்து கடவுள் அல்லர் என்று சொல்லவில்லை. அவரும் ஒரு கடவுளே, ஆயினும் எங்கள் கடவுளர் அவரிலும் பெரியர், பெரிய அற்புதங்களைச் செய்பவர் என்றனர். அப்போது பொப்போ என்ற பாதிரியார் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையிலே தாங்கிக் காயமின்றிக் காட்டினார் என்றும், அரசன் அதுகண்டு மதம் மாறினான் என்றும் அவர் சொல்கிறார். நேயர்களே, மதுரையில் திருஞானசம்பந்தர் சமணருடன் செய்த அனல்வாதமும் புனல்வாதமும் உங்கள் நினைவுக்கு வராமல் இருக்குமா? நெருப்பில் எரியாத ஏடே மெய் என்பது எங்கள் புராணம். நெருப்பில் வேகாத கையே மெய் என்பது அவர்கள் வரலாறு. கடவுளை வலிமையால் அளக்கும் கோல் எங்களிடமும் இருந்தது.

வலிமையே அளவானால் இரண்டு கடவுளரையும் வைத்துக்கொள்வதில் தடையில்லை. ஐஸ்லாந்தில் குடியேறிய மெலிந்த ஹெல்கி என்பவர் கிறிஸ்துவை நம்பினார். தம் இருப்பிடத்துக்கே கிறிஸ்துவின் பெயரால் 'கிறிஸ்ட்னெஸ்' என்று பெயரிட்டார். ஆனால் கடற்பயணத்துக்கும் கடினமான காரியங்களுக்கும் தோரையே அழைத்தார். டென்மார்க்கில் ஒரு கல் அச்சு கிடைத்திருக்கிறது. அதே அச்சில் சிலுவையும் வார்க்கலாம், தோரின் சம்மட்டியும் வார்க்கலாம். பொற்கொல்லனுக்கு இரு சாரார் பணமும் ஒன்றே.

இதைக் கேட்டு நாம் சிரிக்க முடியாது. பிள்ளை வரம் வேண்டியும் நோய் தீரவும் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துச் செல்லும் சைவக் குடும்பங்கள் எங்கள் ஊர்களில் எத்தனை! வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளைக்காகச் செல்வச்சந்நிதியில் கற்பூரமும் அந்தோனியார் சொரூபத்தின் முன் மெழுகுதிரியும் கொளுத்தும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். மாதா அவர்களுக்கு இன்னொரு அம்மன். ஹெல்கியின் வழித்தோன்றல்கள் வடமராட்சியிலும் உள்ளனர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால் யாழ்ப்பாணத்துக்குக் கிறிஸ்து வந்த வழி வேறு. வைக்கிங் மக்களின் கதையிலே கொள்ளையிடப் போனவர்கள் அஞ்ஞானிகள். கொள்ளை கொடுத்தவர்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் கதையிலே கப்பலில் வந்தவர்களே கிறிஸ்தவர்கள்.

1544ஆம் ஆண்டில் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற மக்களை யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலி கொல்வித்தான். அறுநூறு பேர் என்றும் எழுநூறு பேர் என்றும் கூறுவர். யாழ்ப்பாண வைபவமாலையும் இச்சம்பவத்தைச் சொல்கிறது. சங்கிலி கிறிஸ்துவை எப்படிப் பார்த்தான்? அவன் சமயவாதி அல்லன், அரசன். பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்ற குடிமக்கள் நாளைக்குப் போர்த்துக்கல் மன்னனின் குடிகளாகிவிடுவர் என்பதே அவன் கண்ட ஆபத்து. அவன் கணக்கில் அந்தக் கடவுளின் பின்னால் ஒரு கப்பற்படை நின்றது. கணக்கு முழுவதும் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு உயிர் கொடுத்தவர்கள் கப்பலில் வந்தவர்கள் அல்லர், எங்கள் கரையோரத்து ஏழைத் தமிழர். மன்னார் தோட்டவெளியில் இன்றும் அவர்களை 'வேதசாட்சிகள்' என்று நினைவுகூருகின்றனர். இங்கும் அந்தச் சொல், வேதம்.

1619இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. லிண்டிஸ்பார்ணை நினைத்துப் பாருங்கள். தன் வீட்டைக் காக்காத கடவுள் என்று வைக்கிங் மக்களின் கோலால் அளந்திருந்தால், அன்றே முருகனைக் கைவிட்டிருக்க வேண்டும். சைவர் அவ்வாறு அளக்கவில்லை. நாடு போனதும் கோயில் போனதும் தங்கள் வினைப்பயன் என்று கொண்டனர். தோல்வி கடவுளின் குறையைக் காட்டவில்லை. அடியாரின் குறையைக் காட்டிற்று. இது நியாயமோ அன்றோ, தோற்றவன் தன் கடவுளைக் கைவிடாமல் இருக்க இது போதுமானதாயிருந்தது. 1734இல், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலேயே, நல்லூரில் மீண்டும் கந்தனுக்குக் கோயில் எழுந்தது.

அக்காலச் சைவர் வாழ்வைப் பற்றி இரண்டு கதைகள் வழங்குகின்றன. திருநெல்வேலி ஞானப்பிரகாசர், போர்த்துக்கேய அதிகாரியின் உணவுக்கு முறைவைத்துப் பசு கொடுக்கவேண்டிய நாள் தமக்கு வந்தபோது, இரவோடிரவாக ஊரைவிட்டு வெளியேறினார் என்பது ஒன்று. பின்னர் அவர் சிதம்பரத்தில் குளம் தொட்டதும், சிவஞான சித்தியாருக்கு உரை எழுதியதும் சைவ உலகம் அறிந்தவை. மற்றையது பெயரற்ற பெண்களின் கதை. விரத நாளில் வாழையிலையில் உண்டுவிட்டு, அந்த இலையை வெளியே எறிந்தால் அகப்பட்டுவிடுவோம் என்று வீட்டு இறப்பிலே செருகி மறைத்தார்களாம்.

இரண்டாவது கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஐஸ்லாந்து நினைவுக்கு வரும். 1000ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் அல்திங் என்ற பெருஞ்சபை மதத்தால் இரண்டாகப் பிளக்க இருந்தது. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு தோர்கெயர் என்ற சட்டமுரைப்போரிடம் விடப்பட்டது. அவர் பழைய மதத்தவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையால் மூடிக் கிடந்து யோசித்தபின், எல்லாரும் ஞானஸ்நானம் பெறவேண்டும், நாட்டுக்குச் சட்டம் ஒன்றே இருக்கவேண்டும் என்றார். ஆனால் பழைய தெய்வங்களுக்கு வீட்டினுள் இரகசியமாகப் பலியிடலாம். சாட்சி அகப்பட்டால் மட்டுமே தண்டனை. அங்கே சட்டமே விட்டுக்கொடுத்த மறைவிடத்தை, இங்கே எங்கள் பெண்கள் கூரை இறப்பில் தாமாகத் தேடிக்கொண்டனர்.

1658இல் வந்த ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்தர். ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பிலே பதியப்பட்டன. அப்பதிவு இல்லாதவனுக்கு உத்தியோகம் இல்லை, சொத்துரிமைக்கும் இடைஞ்சல். பருத்தித்துறையில் புளியமரத்தின் கீழ் பிரசங்கம் செய்தார் என்று சொல்லப்படும் பல்தேயுஸ் பாதிரியார், தம் சபையிற் பலர் பெயரளவிலேயே கிறிஸ்தவர் என்பதை அறிந்தே இருந்தார். எங்கள் முன்னோர் புதிய கடவுளை இப்போது அளந்த கோல் எளிது: 'பெயரைப் பதிந்தால் காணி நிலைக்கும்.' 1796இல் ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் தளர்ந்ததும், தோம்பிலே கிறிஸ்தவராயிருந்தவர்கள் திருநீற்றுடன் வெளியே வந்தனர்.

இதையும் வைக்கிங் மக்கள் முன்னரே செய்து காட்டிவிட்டனர். பிராங்கிய மன்னன் லூயியின் அவைக்கு டேனியர் ஆண்டுதோறும் ஞானஸ்நானம் பெற வருவார்களாம். பெறுவோருக்கு நல்ல வெள்ளுடை பரிசு. ஓராண்டு கூட்டம் அதிகமாகிவிட, துணி போதாமல் கிழித்து ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தனர். முதியவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. இருபது முறை இங்கே முழுகியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நல்ல உடைதான் தந்தீர்கள், இந்தச் சாக்கு பன்றி மேய்ப்பவனுக்கே பொருந்தும் என்று சீறினாராம். ஒன்பதாம் நூற்றாண்டில் நோட்கர் என்ற துறவி எழுதி வைத்த கதை இது. அந்த முதியவரும் எங்கள் தோம்புக் கிறிஸ்தவரும் சந்தித்திருந்தால் ஒருவரையொருவர் நன்றாகவே விளங்கிக்கொண்டிருப்பர்.

இதுவரை சொன்ன அளவுகோல்கள் மூன்று: வலிமை, அரசு, பயன். இவற்றில் எதிலும் கிறிஸ்து என்ன சொன்னார் என்ற கேள்வியே எழவில்லை. அந்தக் கேள்வியை எழுப்பியவர் நல்லூர் ஆறுமுக நாவலர்.

1822இல் பிறந்த நாவலர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உதவினார். ஆண்டுக் கணக்கில், வசனம் வசனமாக. அதனால் யாழ்ப்பாணத்துச் சைவருள் அந்நூலை அவர் அளவுக்குக் கற்றவர் அக்காலத்தில் அரியர். 1850இல் வெளியான அந்தத் தமிழாக்கத்திலே கடவுளைக் குறிக்கப் 'பராபரன்' என்ற முந்திய சொல்லுக்குப் பதிலாகத் 'தேவன்' என்ற சொல் இடம்பெற்றது. 1871இல் வந்த பதிப்பும் அதையே கைக்கொண்டது. சைவனுக்குத் தேவர் பலர், அவர்களும் பிறந்து இறப்பவர், சிவனை வணங்குபவர். ஒரே கடவுளைக் குறிக்க அச்சொல் போதுமா என்ற வழக்குக் கிறிஸ்தவருக்குள்ளேயே எழுந்தது. நூலின் பெயரோ 'வேதாகமம்'. சைவரின் வேதமும் ஆகமமும் ஒரே சொல்லில். ஆச்சியின் 'வேதக்காரர்' போல மிஷன்மாரும் தங்கள் கடவுளைச் சைவச் சொற்களிலேயே கொண்டுவந்து நிறுத்தவேண்டியிருந்தது.

நாவலர் 1847ஆம் ஆண்டின் கடைசி நாளிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் அங்கே பாடசாலை நிறுவினார். மிஷன் வேலையையும் விட்டார். 1854இல் அவர் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' இன்றும் வாசித்துப் பார்க்கத்தக்க நூல். பாதிரிமார் சைவரின் விளக்கையும் தூபத்தையும் திருமஞ்சனத்தையும் திருவிழாவையும் பேய்வழிபாடு என்று பழித்தனர். நாவலர் கிறிஸ்துவைப் பழிக்கவில்லை. பாதிரிமாரின் நூலையே விரித்து வைத்தார். மோசேயின் கூடாரத்தில் குத்துவிளக்கு ஏற்றச் சொன்னவர் யார்? தூபம் காட்டச் சொன்னவர் யார்? பலியும் சுத்திகரிப்பும் பண்டிகை நாள்களும் வகுத்தவர் யார்? உங்கள் கடவுள் தம் மக்களுக்கு விதித்தவை பேய்ச்செயல் அல்லவென்றால், எங்கள் ஆகமம் விதித்தவை மட்டும் எப்படிப் பேய்ச்செயலாகும்? இதுவே அவர் வாதத்தின் சாரம். அதிகாரமும் வசனமும் காட்டி எழுதப்பட்ட அந்நூலைப் பாதிரிமார் எளிதில் ஒதுக்க முடியவில்லை. 'ஞானக்கும்மி' பாடிய முத்துக்குமார கவிராயர் நகையாடினார். நாவலரோ மேற்கோள் காட்டினார். நகைக்கு மறுமொழி நகை. மேற்கோளுக்கு மறுமொழி சொல்ல நூலைத் திரும்ப வாசிக்கவேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சிலுவைப் பதக்கம் பரவிய காலத்தில்தான் தோரின் சம்மட்டிப் பதக்கமும் வைக்கிங் மக்களிடையே மிகுதியாகக் காணப்படுகிறது. எதிராளியைக் கண்டு செய்த ஆபரணம் அது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். நாவலரும் எதிராளியின் கருவிகளையே எடுத்துக்கொண்டார். பிரசங்கம், அச்சுக்கூடம், பாலபாடம், பாடசாலை, வினாவிடை. சம்மட்டிப் பதக்கம் தோரைக் காப்பாற்றவில்லை. நாவலரின் அச்சுக்கூடம் சைவத்தைக் காப்பாற்றிற்று என்று பலரும் சொல்வர். கூடவே எங்கள் உரைநடையையும் வளர்த்தது.

இத்துடன் நிறுத்தினால் கதை சைவருக்குப் பெருமையாக முடியும். ஆனால் எந்தச் சைவருக்கு? நாவலர் சாதி ஒழுங்கை மறுத்தவர் அல்லர். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களுக்கு ஆகம விளக்கும் தூபமும் தூரத்துக் காட்சி. அவர்கள் வந்த கடவுளை அளந்த கோல், 'எந்த வாசல் திறந்திருக்கிறது?' என்பது. மிஷன் பாடசாலைகளும் தொடக்கத்தில் சாதி வழமைக்கு வளைந்தே கொடுத்தன; ஆயினும் ஏடும் எழுத்தும் அங்கே கிடைக்கக்கூடும் என்ற நம்பிக்கையாவது இருந்தது. வேதத்துக்கு மாறியவர்களை 'சோற்றுக்கு மாறியவர்' என்று ஏசியவர்கள் இந்தக் கோலை அறிய முயலவே இல்லை.

அதனால்தான் நெல்லியடிக்கு அண்மையில், 1910களில், கா. சூரன் என்ற பெரியார் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடக்கிவைத்த தேவரையாளிச் சைவ வித்தியாசாலையை நான் பெரிதாக மதிக்கிறேன். இன்று அது தேவரையாளி இந்துக் கல்லூரி. சைவராக இருந்துகொண்டே கற்க முடியும் என்று காட்டிய பள்ளி அது. பாதிரிமாருக்கு நாவலர் சொன்ன பதில் நூலில் இருக்கிறது. நாவலருக்கும் எங்கள் சமூகத்துக்கும் சொல்லவேண்டியிருந்த பதில் அந்தப் பள்ளியில் இருக்கிறது. மாவிட்டபுரத்தில் 1968இல் கோயில் வாசலில் நின்று போராட நேர்ந்தபோது அப்பதில் இன்னும் உரத்துக் கேட்டது.

சில நாள்கள் கழித்து அந்த ஆசிரியரை மீண்டும் சந்தியிலே கண்டேன். இவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். வைக்கிங் சனம் கிறிஸ்துவை வெறுக்கவுமில்லை, பயப்படவுமில்லை; தங்கள் தேவைக்கு ஏற்ப அளந்து பார்த்தனர், நாங்களும் அப்படியே என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எங்கடை பேரன் வேதத்துக்கு மாற நினைச்சவராம். தேவரையாளியிலை பள்ளிக்கூடம் துவங்கினபடியால் மாறேல்லையாம். நான் படிச்சதும் படிப்பிச்சதும் அதாலைதான் தம்பி" என்றார்.

பஸ் வரும்வரை இருவரும் வேறொன்றும் பேசவில்லை.